கேட்கிற குழந்தைக்குக் கருவி: விழுப்புரம், திண்டிவனம் வட்டாரக் கொள்கைப் பிரகடனம்

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் இவ்விரு ஊர்களுக்கு இடைப்பட்ட சிற்றூர்களிலும் வாழும் பெற்றோர், பள்ளி ஆசிரியர்கள், நாதஸ்வர தவில் கலைஞர்கள், கூத்துக் கலைஞர்கள், பறைக் கலைஞர்கள், இசை ஆசிரியர்கள் ஆகிய நாங்கள் ஒன்றுகூடி இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம். எங்கள் நோக்கம் ஒன்றே. இசைக்கருவி கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஒரு குழந்தை வாய்திறந்து கேட்டால், "காசில்லை", "இடமில்லை", "நமக்கெதுக்கு அதெல்லாம்" என்ற பதில்கள் இனி இந்த வட்டாரத்தில் எழக்கூடாது. அந்தக் குழந்தைக்குப் பதில் சொல்லும் பொறுப்பு அதன் பெற்றோரோடு முடிந்துவிடுவதில்லை. அது ஊரின் பொறுப்பு. அந்தப் பொறுப்பை ஏற்று இந்தப் பிரகடனத்தை வெளியிடுகிறோம்.

நாங்கள் நிற்கும் மண்

இன்று திண்டிவனத்தின் ஒரு பகுதியாக இருக்கும் கிடங்கல், சங்க காலத்தில் கிடங்கில் என்ற பெயரோடு விளங்கிய ஓய்மாநாட்டுக் கோட்டை நகரம். அந்த நாட்டை ஆண்ட நல்லியக்கோடனைப் பாடியதுதான் பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படை. பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். சீறியாழ் என்னும் சிறிய யாழைச் சுமந்துகொண்டு வறுமையோடு அலையும் பாணனை, பரிசு பெற்றுத் திரும்பும் இன்னொரு பாணன் எதிர்ப்படுகிறான். எந்த வழியாகப் போக வேண்டும், எந்த ஊரில் என்ன உணவு கிடைக்கும், யாரைப் பார்த்தால் பசி தீரும் என்று வழி சொல்லி அனுப்புகிறான். பாணன் வீட்டுச் சமையற்கட்டில் குட்டி ஈன்ற நாய் குரைப்பதையும், உப்புக்கும் வழியின்றிக் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை வேகவைத்துக் கதவடைத்து உண்பதையும் அந்தப் பாட்டு மறைக்கவில்லை. யாழ் வாசிப்பவனின் பசியைத் தீர்ப்பது அரசனுக்கும் நாட்டுக்கும் பெருமை என்பதையும் அது அழுத்திச் சொல்கிறது. பெற்றவன் பெறாதவனுக்கு வழிகாட்டும் அந்த மரபுதான் எங்கள் இயக்கத்தின் முதல் வேர்.

இந்த மண்ணில் வேர்கள் இன்னும் உண்டு. விழுப்புரத்தை ஒட்டிய திருவாமாத்தூரில் வாழ்ந்து 1898இல் மறைந்த வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள், சந்தமும் தாளமும் கூடிய வண்ணப் பாட்டுக்கு இலக்கணமாக 'வண்ணத்தியல்பு' எழுதியவர். செஞ்சிப் பக்கத்து மேலச்சேரி முதலான ஊர்களில் பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும். அதில் ஆர்மோனியமும் மத்தளமும் முகவீணையும் தாளமும் இல்லாமல் ஒரு வேடமும் களத்துக்குள் நுழையாது. மிருதங்கத்துக்கும் தவிலுக்கும் வீணைக்கும் பேர்போன பலாமரம் நமக்குப் பக்கத்துப் பண்ருட்டியிலிருந்து போகிறது. மரம் நம் பக்கத்தில் வளர்கிறது. அதில் செய்த கருவி நம் பிள்ளைகள் கைக்கு வருவதில்லை.

விழுப்புரத்தில் பிறந்த சிவாஜி கணேசன், 1968இல் வெளிவந்த 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் நாதஸ்வர வித்வானாக நடித்தார். படத்தில் ஒலித்த நாதஸ்வரம் மதுரை எம்.பி.என். சேதுராமன், எம்.பி.என். பொன்னுசாமி சகோதரர்களுடையது. திரையில் தெரிந்த முகத்தை நம் ஊர் இன்றும் கொண்டாடுகிறது. அந்த ஒலியைப் பெற்றுத் தந்த சாதகத்துக்கும் நம் ஊரில் இடம் வேண்டும் என்று நாங்கள் விரும்புகிறோம்.

இன்றைய நிலை

கல்யாண மண்டபத்தில் தவில் ஒலிக்கும்போது மேடைக்குப் பக்கத்தில் போய் நிற்கிற பிள்ளையை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். வித்வானின் வலக்கை விரல்களில் மாட்டியிருக்கும் கூடுகளையும் இடக்கையில் இருக்கும் கழியையும் அது மாறிமாறிப் பார்க்கும். தன்னை அறியாமல் தொடையில் தட்டிக்கொள்ளும். கெட்டிமேளம் முழங்கும்போது கண் விரியும். அதற்குள் "பந்தி போட்டாச்சு, சாப்பிட வா" என்று யாராவது கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். வீட்டுக்கு வந்து எவர்சில்வர் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டினால், "காது கிழியுது, நிறுத்து" என்ற அதட்டல் வரும். இரண்டு மூன்று முறை அதட்டினால் போதும். அந்த ஆசை பிறகு வெளியே வராது.

பெற்றோர் கல்நெஞ்சர்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. எங்கே போவது, யாரைக் கேட்பது, எவ்வளவு ஆகும் என்று தெரியாததால்தான் பலர் அதட்டுகிறார்கள். கற்க வழியே இல்லையென்றும் சொல்லிவிட முடியாது. விழுப்புரத்தில் கலை பண்பாட்டுத் துறை நடத்தும் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் ஆகியவற்றை மூன்றாண்டுச் சான்றிதழ்ப் படிப்பாக அங்கே கற்கலாம். கட்டணம் மிகக் குறைவு. உதவித்தொகையும் உண்டு. இப்படி ஒரு பள்ளி நம் மாவட்டத்தில் இருப்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. அதைத் தெரியப்படுத்துவது எங்கள் முதல் வேலைகளில் ஒன்று.

ஆனால் அந்தப் பள்ளியில் சேர 12 வயது நிறைந்திருக்க வேண்டும். குழந்தைகள் கருவியைப் பார்த்துக் கண் விரிப்பது ஐந்து, ஆறு, ஏழு வயதில். இடையில் ஐந்தாறு ஆண்டு வெற்றிடம். ஆறு வயதில் கேட்ட குழந்தை பன்னிரண்டு வயதுவரை அந்த ஆசையைப் பத்திரமாக வைத்துக்கொண்டு காத்திருக்காது. 5 முதல் 16 வயதுவரை உள்ள பிள்ளைகளுக்காக அதே துறை நடத்தும் சவகர் சிறுவர் மன்றம் இந்த வெற்றிடத்தை ஓரளவு நிரப்புகிறது. அது இருப்பதோ மாவட்டத் தலைநகரில். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். வெள்ளிமேடுபேட்டையில் இருக்கும் ஒரு தாய், கூலி வேலையை விட்டுவிட்டு, ஏழு வயதுக் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு, பேருந்து மாறி வாராவாரம் போய்வர முடியுமா? முடியாது என்பது நமக்குத் தெரியும்.

பள்ளிக்கூடம் இந்த இடைவெளியை நிரப்பியிருக்க வேண்டும். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் கலைக்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்று அட்டவணையிலேயே சொல்கிறது. தமிழ்நாட்டில் 2012இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். ஓவியம், உடற்கல்வி, தையல், கணினி, இசை எல்லாம் அந்த எண்ணிக்கைக்குள் அடக்கம். இசைக்குக் கிடைத்த பங்கு சிறியது. இசைப் பாடவேளை இருக்கும் பள்ளிகளிலும் தேர்வு நெருங்கினால் அது கணக்குப் பாடவேளையாக மாறிவிடுகிறது. 2022-23 முதல் அரசுப் பள்ளிகளில் நடக்கும் கலைத் திருவிழாவை மனதார வரவேற்கிறோம். கருவி இசைக்கும் அதில் போட்டி உண்டு. வீட்டில் கருவி இருக்கும் பிள்ளைதானே அந்தப் போட்டிக்குப் பெயர் கொடுக்க முடியும்? மேடைக்கு முன்னால் பயிற்சி வேண்டும், பயிற்சிக்கு முன்னால் கருவி வேண்டும்.

எங்கள் கொள்கைகள்

1. கேட்பதே தகுதி. "திறமை இருக்கிறதா பார்த்துவிட்டுச் சேர்க்கலாம்" என்ற பேச்சை இந்த இயக்கம் ஏற்காது. திறமை கற்பித்த பிறகு தெரிவது. கற்பிக்கும் முன்னால் நம் கண்ணுக்குத் தெரிவது ஆசை ஒன்றுதான், அதுவே போதும். கலை வாழ்வில் பங்கேற்பது குழந்தையின் உரிமை என்று 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை தன் 31ஆம் பிரிவில் சொல்கிறது. இந்தியா 1992இல் அதை ஏற்றுக்கொண்டது. உரிமைக்கு நுழைவுத் தேர்வு கிடையாது.

2. எல்லாக் கருவியும் சமம், எல்லாக் குழந்தையும் சமம். வீணை கேட்கும் குழந்தையும் பறை கேட்கும் குழந்தையும் கீபோர்டு கேட்கும் குழந்தையும் எங்களுக்கு ஒன்றே. பறையைச் சாவு வீட்டுக்கென்று ஒதுக்கி, அதை அடிக்கும் கடமையை ஒரு சாதியின் தலையில் சுமத்திய வழக்கத்தை முற்றாக மறுக்கிறோம். எந்தக் குழந்தையையும் பிறப்பைக் காட்டி ஒரு கருவியை எடுக்கச் சொல்லவும் கூடாது, தொடாதே என்று தடுக்கவும் கூடாது. பறை இசைக்காக மதுரை வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆந்திரத்திலிருந்து வந்து ஸ்ரீரங்கத்தில் வாழ்ந்த ஷேக் சின்ன மௌலானாவின் நாதஸ்வரத்துக்குத் தமிழ்நாடே தலை வணங்கியது. காலிஷாபி மகபூப் தம் கணவர் ஷேக் மகபூப் சுபானியோடு நாதஸ்வரம் வாசித்து 2020இல் பத்மஸ்ரீ பெற்றார். காலிஷாபிக்கு முன்பே மதுரை பொன்னுத்தாய் நாதஸ்வரத்தோடு மேடையேறிவிட்டார். ஆகவே "பொண்ணுக்கு எதுக்கு தவிலு" என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்.

இதை நம் பக்தி மரபும் அறியும். எருக்கத்தம்புலியூரில் பிறந்த திருநீலகண்ட யாழ்ப்பாணர், குழந்தை சம்பந்தரின் பாட்டைக் கேட்டு, அந்தப் பாட்டுகளை யாழில் வாசித்துக்கொண்டு கூடவே ஊர் ஊராகப் போனவர். பெரிய வித்வான் ஒரு குழந்தைக்குப் பக்கவாத்தியம் வாசித்தார். சாத்தமங்கையில் திருநீலநக்கர் வீட்டில் தங்கியபோது, பாணர் குலத்தவரான அவருக்கு வேள்வித் தீ வளரும் இடத்துக்குப் பக்கத்திலேயே படுக்க இடம் கொடுக்கச் செய்தார் சம்பந்தர். இசையை முன்னிறுத்தினால் வாசல்கள் திறக்கும் என்பதற்குப் பெரியபுராணமே சாட்சி.

3. கருவியோடு ஓசையும் கொடுக்க வேண்டும். சீர்காழிக்குப் பக்கத்தில் திருக்கோலக்கா. அங்கே கைத்தாளம் போட்டுப் பாடிய குழந்தை சம்பந்தரின் உள்ளங்கை நோவது பொறுக்காமல் இறைவன் பொற்றாளம் கொடுத்தான் என்றும், பொன்னுக்கு ஒலி வராது என்பதால் அம்மை அதற்கு ஓசை கொடுத்தாள் என்றும் தலபுராணம் சொல்கிறது. அங்கே அம்மனுக்கு ஓசை கொடுத்த நாயகி என்றே பெயர். கருவியை வாங்கிக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று இருப்பவர்கள் இந்தக் கதையை நினைக்க வேண்டும். பிறந்தநாளுக்கு வாங்கிய கீபோர்டு ஆறு மாதத்தில் பரணுக்குப் போவது குழந்தையின் குற்றம் இல்லை. கற்பிக்க ஒருவர், கேட்க ஒருவர், நாள்தோறும் ஒரு நேரம், வீட்டில் ஒரு மூலை ஆகிய நான்கும் சேர்ந்தால்தான் கருவி பேசும்.

கற்பிப்பவர் அந்தக் கருவியையே வாசிப்பவராக இருந்தாக வேண்டும் என்பதும் இல்லை. 1969இல் ஆந்திரத்தின் பாலக்கொல்லில் பிறந்த யு. சீனிவாஸ் ஆறு வயதில் அப்பாவின் மாண்டலினை எடுத்து மீட்டத் தொடங்கினார். அவருடைய குரு ருத்ரராஜு சுப்பராஜுவுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் பாடுவார், சிறுவன் அதைத் தந்தியில் கொண்டுவர வேண்டும். கர்நாடக இசைக்கு ஒத்துவராது என்று பலர் நினைத்த ஒரு கருவி அப்படித்தான் நம் சபைகளில் ஏறியது. நம் ஊரில் கிடார் ஆசிரியர் இல்லாமல் இருக்கலாம். நன்றாகப் பாடத் தெரிந்த ஒருவர் இருந்தால் தொடங்கிவிடலாம்.

4. காலம் கொடுக்க வேண்டும். சிலப்பதிகாரத்து மாதவி ஏழாண்டு பயின்ற பிறகே பன்னிரண்டாம் வயதில் அரங்கேறினாள். யாழாசிரியன், குழலாசிரியன், தண்ணுமை ஆசிரியன் எனத் தனித்தனி ஆசிரியர்களின் இலக்கணத்தை இளங்கோவடிகள் அரங்கேற்று காதையில் விரித்துச் சொல்கிறார். அத்தனை பேர் சேர்ந்து ஏழாண்டு உழைத்த இடத்தில், மூன்று மாதத்தில் சினிமாப் பாட்டு வாசித்துக் காட்டு என்று நாம் கேட்பது நியாயமில்லை. சரளி வரிசையும் ஜண்டை வரிசையும் அலங்காரமும் அலுப்பூட்டும் காலம் வரத்தான் செய்யும். வயலினில் முதல் சில மாதங்கள் கரகரப்பாகத்தான் ஒலிக்கும். அதைத் தாண்டும் வரை பெரியவர்களுக்குப் பொறுமை வேண்டும். மேடை, பரிசு, தொலைக்காட்சி ஆகிய மூன்றும் எங்கள் இலக்கு இல்லை. வந்தால் மகிழ்ச்சி. வராவிட்டாலும் அந்தக் குழந்தையின் கல்வி முழுமையானதே.

5. மாற்றவும் நிறுத்தவும் குழந்தைக்கு உரிமை உண்டு. ஒரு வாரம் சலித்துக்கொண்டதும் நிறுத்திவிடக் கூடாது. ஓராண்டு முடிந்த பின்னும் கருவியைத் தொட முகம் சுளித்தால் வற்புறுத்தவும் கூடாது. மிருதங்கம் கேட்டு வந்த பிள்ளைக்குப் புல்லாங்குழல் பிடித்துப்போகலாம். அதைத் தோல்வி என்று பேச மாட்டோம்.

6. அடியும் வசையும் அவமானமும் கூடாது. அடித்துக் கற்பிப்பதுதான் குருகுல மரபு என்ற வாதத்தை ஏற்கமாட்டோம். வகுப்புகள் திறந்த கதவோடு நடக்கும். பெற்றோர் எந்த நேரமும் வந்து உட்காரலாம். குழந்தையின் பாதுகாப்பில் எந்த வித்வானுக்கும் விதிவிலக்கு கிடையாது.

7. கற்பிப்பவர் வாழ வேண்டும். இசை ஆசிரியரிடம் "பிள்ளைங்களுக்குத்தானே, சும்மா சொல்லிக் கொடுங்க" என்று கேட்கும் வழக்கத்தை நிறுத்துகிறோம். குழந்தை பணம் கட்ட முடியாதபோது இயக்கம் கட்டும். ஆசிரியரின் உழைப்பை இலவசமாக எடுத்துக் குழந்தைக்குக் கொடுப்பது தானமாகாது.

நாங்கள் செய்யப்போவது

முதலில் ஒரு கருவி வங்கி. வயலின் கால் அளவு, அரை அளவு, முக்கால் அளவு, முழு அளவு என்று பல அளவில் வரும். ஆறு வயதில் கால் அளவில் தொடங்கும் குழந்தை வளர வளரக் கருவி மாற வேண்டும். ஒவ்வொரு முறையும் புதிதாக வாங்கச் சொன்னால் எந்தக் கூலிக் குடும்பமும் தாங்காது. வங்கியில் இருந்தால் சின்னதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பெரியதை எடுத்துக்கொண்டு போகலாம். குழந்தைகள் கையாளச் சிறிய மிருதங்கங்கள், பறைகள், புல்லாங்குழல்கள், சுருதிப்பெட்டி, ஆர்மோனியம், கீபோர்டு ஆகியவற்றைச் சேர்ப்போம். உங்கள் வீட்டுப் பரணில் சும்மா கிடக்கும் கருவி வேறொரு வீட்டில் ஒலிக்கட்டும். தோல் கிழிந்தால், தந்தி அறுந்தால் செப்பனிடும் செலவும் வங்கியினுடையது. உடைந்ததற்காகக் குழந்தையிடம் தண்டம் வாங்கமாட்டோம்.

அடுத்து, 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வார இறுதி வகுப்புகள். திண்டிவனத்தில் ஒன்று, விழுப்புரத்தில் ஒன்று, நடுவில் இருக்கும் மயிலம், கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டிப் பக்கத்துப் பிள்ளைகள் நடந்தோ ஒரே பேருந்திலோ வந்துசேரும்படி ஒன்று. கல்யாணம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் நாதஸ்வர தவில் கலைஞர்களுக்கு வருமானம் குறையும். மழைக்காலத்தில் கூத்துக் கலைஞர்களுக்கும் அப்படியே. அந்த மாதங்களில் நாள்தோறும் வகுப்பு நடத்தி, ஊதியமும் கொடுப்போம். குழந்தைக்கு ஆசான் கிடைப்பார், ஆசானுக்கு அடுப்பெரியும்.

12 வயது ஆனதும் விரும்பும் பிள்ளைகளை மாவட்ட அரசு இசைப்பள்ளியில் சேர்ப்பதுவரை எங்கள் துணை இருக்கும். விண்ணப்பம் எழுதுவது, சான்றிதழ் எடுப்பது, முதல் நாள் கூடவே போவது எல்லாம் அதில் அடங்கும். திண்டிவனத்திலிருந்து போகும் பிள்ளைகளைக் குழுவாகச் சேர்த்து, பெரியவர் ஒருவரைத் துணைக்கு அனுப்புவோம்.

மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை, பிள்ளைகள் கற்றதை ஊர் உட்கார்ந்து கேட்கும். நடுவர் கிடையாது. பரிசு கிடையாது. சரளி வரிசை மட்டும் தெரிந்த குழந்தை சரளி வரிசை வாசிக்கும், கைத்தட்டல் அதற்கும் உண்டு. ஆண்டுக்கு ஒரு முறை, ஆரோவில் கோட்டக்கரையில் 2003 முதல் இயங்கும் 'ஸ்வரம்' கருவிப் பட்டறை போன்ற இடங்களுக்கும், கூத்துக் களங்களுக்கும் பிள்ளைகளை அழைத்துப் போவோம். கருவி எந்த மரத்தில், எந்தத் தோலில், யாருடைய கையில் உருவாகிறது என்று குழந்தை கண்ணால் பார்க்க வேண்டும்.

செய்யமாட்டாதவற்றையும் சொல்லிவிடுகிறோம். கருவி கொடுப்பதைப் படமெடுத்துப் பேனர் வைக்கமாட்டோம். கருவியின் மேல் கட்சியின் பெயரோ சாதிச் சங்கத்தின் பெயரோ வராது. வரவு செலவு மாதந்தோறும் எல்லோர் முன்னிலையிலும் வாசிக்கப்படும்.

பெற்றோருக்கு

உங்களுக்கு இசை தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஜப்பானின் சினிச்சி சுசூக்கி, குழந்தை தாய்மொழியைக் கற்பதுபோலவே இசையையும் கற்கும் என்று நம்பினார். சுற்றிலும் கேட்டுக் கேட்டு, திரும்பச் சொல்லிச் சொல்லி, பாராட்டில் வளர்வது அது. அவருடைய முறையில் குழந்தையோடு அம்மாவோ அப்பாவோ வகுப்பில் உட்கார்ந்து அடிப்படையைத் தாமும் கற்றுக்கொள்வார்கள். நம் வீட்டுப் பேச்சில் சொன்னால், பிள்ளையோடு சேர்ந்து உட்காருங்கள்.

ஆறு வயதுப் பிள்ளைக்கு நாளுக்குக் கால் மணி நேரம் போதும். நேரம் மாறாமல் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் தொலைக்காட்சி அணைந்திருக்க வேண்டும், கைபேசி கீழே இருக்க வேண்டும். "இன்னிக்கு என்ன சொல்லிக் கொடுத்தாங்க, எனக்கும் சொல்லிக் கொடு" என்று கேளுங்கள். அம்மாவுக்குச் சொல்லிக் கொடுக்கும் பிள்ளை அதை மறக்காது. மிருதங்கம் கற்கும் பிள்ளையாக இருந்தால், இடப்பக்கத் தொப்பியில் அப்ப ரவையை நீர் விட்டுப் பிசைந்து கொடுங்கள். எவ்வளவு அப்பினால் நாதம் கனக்கிறது, எவ்வளவு எடுத்தால் சுருதி ஏறுகிறது என்று குழந்தையே தட்டிப் பார்த்துச் சொல்லட்டும். வாசித்து முடித்ததும் ரவையைச் சுரண்டி எடுத்துத் துடைத்துவைக்கப் பழக்குங்கள். கருவியைப் பேணத் தெரிந்த கைக்கு வாசிப்பும் சீக்கிரம் கூடும்.

விருந்தாளி வந்தால் உடனே வாசித்துக் காட்டச் சொல்லாதீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். மதிப்பெண் குறைந்தால் வகுப்பை நிறுத்துவேன் என்று மிரட்டாதீர்கள். சாப்பாட்டை நிறுத்துவேன் என்று சொல்லமாட்டீர்கள் அல்லவா? விலை உயர்ந்த கருவியை முதலிலேயே வாங்கிவிடாதீர்கள். சுருதி நிற்காத விளையாட்டுச் சாமானையும் வாங்கிக் கொடுத்து ஏமாற்றாதீர்கள், குழந்தையின் காது அதிலேயே கெட்டுவிடும். அளவையும் கருவியையும் ஆசிரியரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். நாதஸ்வரம் கேட்கும் சின்னப் பிள்ளைக்கு அவர் முதலில் வாய்ப்பாட்டு சொல்லிக்கொடுத்தால் ஏமாற்றம் வேண்டாம். பாடிப் பழகிய ஸ்வரம்தான் பிறகு சீவாளியில் ஒலிக்கும்.

தாத்தா பாட்டிகளிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் உட்கார்ந்து கேட்க நேரம் இருப்பது உங்களுக்குத்தான். பேரப்பிள்ளையின் முதல் சபை நீங்கள்.

எங்கள் கோரிக்கைகள்

அரசிடமும் உள்ளாட்சிகளிடமும் நாங்கள் கேட்பவை இவை.

ஒன்று, விழுப்புரம் மாவட்ட அரசு இசைப்பள்ளியில் 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வார இறுதி இளையோர் வகுப்பு வேண்டும். இரண்டு, திண்டிவனத்தில் அரசு இசைப்பள்ளியின் கிளையும் சிறுவர் மன்றமும் வேண்டும். மூன்று, கல்வி உரிமைச் சட்டம் சொல்லும் கலைக்கல்விப் பயிற்றுநர்களில் இசைக்கு உரிய பங்கு கொடுத்து, அவர்களுக்கு வாழத்தக்க ஊதியம் வழங்க வேண்டும். நான்கு, கலைத் திருவிழாவில் கருவி இசைப் போட்டி நடத்தும் ஒவ்வொரு பள்ளியிலும் பிள்ளைகள் எடுத்து வாசிக்கக் கருவிகள் இருக்க வேண்டும். ஐந்து, நூலகம், சமுதாயக் கூடம், ஊராட்சிக் கட்டடம் ஆகியவற்றில் மாலை ஒரு மணி நேரம் இசை வகுப்புக்கு இடம் கொடுக்க வேண்டும்.

கோயில் நிர்வாகங்களிடம் கேட்கிறோம். ஓதுவாரும் நாதஸ்வர வித்வானும் உங்கள் சந்நிதியில் இருந்தால், வாரத்தில் ஒரு மாலை எந்தச் சாதிப் பிள்ளையும் வந்து கற்கும்படி மண்டபத்தைத் திறந்துவிடுங்கள். தேவாலயங்களிடமும் கேட்கிறோம். உங்கள் பாடகர் குழுவின் கீபோர்டும் கிடாரும் வாரநாட்களில் சும்மா இருக்கும் நேரத்தில் ஊர்ப் பிள்ளைகளுக்கு உதவட்டும்.

இவையெல்லாம் நடக்கக்கூடியவை. வெனிசுலா நாட்டில் 1975இல் ஜோசே அந்தோனியோ அப்ரேயு ஒரு சில இளைஞர்களோடு தொடங்கிய இசைப் பயிற்சி, ஏழைப் பகுதிகளின் பிள்ளைகள் கையில் இலவசமாகக் கருவி கொடுத்துப் பின்னாளில் பல லட்சம் குழந்தைகளை எட்டியது. நம் மண்ணில் 1941இல் அண்ணாமலைநகரில் கூடிய தமிழிசை மாநாடு, மேடையில் தமிழ்ப் பாட்டு ஒலிக்க வேண்டும் என்று கேட்டது. அன்று அதை எதிர்த்தவர்கள் நிறையப் பேர். இன்று தமிழ்ப் பாட்டு இல்லாத கச்சேரி அரிது. அந்த இயக்கம் பாட்டுக்கு இடம் கேட்டது. நாங்கள் அந்தப் பாட்டைக் கற்கப்போகும் குழந்தைக்கு இடம் கேட்கிறோம்.

அழைப்பு

கருவி வைத்திருப்பவர்கள் கருவியோடு வாருங்கள். வாசிக்கத் தெரிந்தவர்கள் வாரத்தில் ஒரு மணி நேரத்தோடு வாருங்கள். பாடத் தெரிந்தவர்கள் குரலோடு வாருங்கள். ஒன்றும் தெரியாதவர்கள் உட்கார்ந்து கேட்க வாருங்கள், அதுவும் எங்களுக்கு மிகவும் தேவை. பேருந்தில் பிள்ளைகளை அழைத்துப் போய்வர ஆள் வேண்டும், கணக்கு எழுத ஆள் வேண்டும், கிழிந்த தோலை மாற்றத் தெரிந்த ஆள் வேண்டும். விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ உங்களுக்கு வீடு இல்லை, பிறந்த ஊர் மட்டும் இங்கே என்றால், சென்னையிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ ஒரு குழந்தையின் ஓராண்டு ஆசிரியர் ஊதியத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை ஒரு கருவியைக் காட்டி "எனக்கு அது வேணும்" என்று கேட்டால், யோசிக்காமல் "சரி" என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு எங்களிடம் வாருங்கள். கருவிக்கும் ஆசிரியருக்கும் இடத்துக்கும் நாங்கள் பொறுப்பு.